ஆளுக்கு மணங்கு, மூட்டைக்கு வீசை

என் சித்தப்பா எதையும் எடை போட்டுப் பார்க்காமல் நம்பமாட்டார். கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்தவரிடம் மாப்பிள்ளை எப்படி என்று வீட்டில் கேட்டால், "அஞ்சு மணங்கு இருப்பான்" என்பார். அவர் குணமும் அப்படி, பார்த்த வேலையும் அப்படி. வேலூரில் ஒரு தோல் மண்டியில் அவர் எடை போடுகிறவராக இருந்தார். கிராமங்களிலிருந்து பச்சைத்தோலை வண்டியில் ஏற்றி வருகிறவர்கள், எடை கூடட்டும் என்று வழியில் அதன்மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டே வருவார்கள். சித்தப்பா தோலின்மேல் கட்டைவிரலை வைத்து ஒரு அழுத்து அழுத்துவார். விரலை எடுத்துப் பார்த்துவிட்டு, இதில் இத்தனை வீசை தண்ணீர் என்று கழித்துவிடுவார். கழித்தது கழித்ததுதான், அப்பீல் கிடையாது. அந்தக் கட்டைவிரலை ஏமாற்றின ஆள் பாலாற்றங்கரையிலேயே இல்லை என்று மண்டி முதலாளி சாயபு சொல்வாராம். சொன்னதாகச் சித்தப்பாதான் சொன்னார்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அதற்கு முந்தின மாசியில் கபவாத ஜுரம் வந்து நான் படுத்த படுக்கையாகிவிட்டேன். வைத்தியர் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கிக்கொண்டு போய்விட்டாராம். எங்களோடு அத்தை இருந்தாள். அப்பாவுக்கு அக்கா, சித்தப்பாவுக்கும் அக்கா. மாமா இறந்தபிறகு எங்கள் வீட்டோடு வந்துவிட்டவள். அவள்தான் என் தலைமாட்டில் உட்கார்ந்து திருவண்ணாமலைத் தீபத்துக்கு வேண்டிக்கொண்டாள். பிள்ளை பிழைத்தால் கால்நடையாகக் கூட்டிக்கொண்டு வருகிறேன், ஒரு வீசை நெய்யைத் தலையில் சுமந்து வந்து தீபக் கொப்பரைக்குக் கொடுக்கிறேன் என்று. நான் பிழைத்துவிட்டேன். ஆனால் ஈரக்காற்று கொஞ்சம் பட்டாலும் நெஞ்சு இழுக்க ஆரம்பித்துவிடும். இன்னொரு தடவை குளிர் உள்ளே இறங்கினால் தன்னைக் கூப்பிட வேண்டாம் என்று வைத்தியர் சொல்லியிருந்தார்.

திருவண்ணாமலைக்கு ரயில் இருந்தது. ஏறி உட்கார்ந்தால் சாயங்காலத்துக்குள் இறங்கிவிடலாம். அத்தை வேண்டிக்கொண்டதோ காலுக்கு. கார்த்திகை வந்ததும் மண்டியிலிருந்து வருஷாவருஷம் நடந்து போகிற கூட்டத்தோடு நாங்களும் போவது என்று முடிவாயிற்று. அம்மாவுக்குப் பிள்ளை பிறந்து ஒரு மாசம்தான் ஆகியிருந்தது, அப்பா நகர முடியாது. ஆகவே அத்தை, நான், துணைக்குச் சித்தப்பா. கூட்டத்துக்குத் தலைவர் மண்டியின் பெரிய கணக்கர். திருநீறும் கையுமாக இருப்பவர், வழியெல்லாம் பாடிக்கொண்டு போகிறவர். அவரும் அவர் சம்சாரமும், மண்டி ஆட்கள் நாலைந்து பேரும்.

சித்தப்பா அந்தக் கூட்டத்தில் சேர்ந்தது அந்த வருஷம்தான். சேர்ந்ததும் முதல் காரியமாக, போன வருஷம் போனவர்கள் ஏன் கால் வீங்கித் திரும்பினார்கள் என்று விசாரணை நடத்தினார். மூட்டைதான் காரணம் என்று கண்டுபிடித்தார். கண்டுபிடித்த கையோடு ஒரு கணக்கும் போட்டார். ஒரு ஆள் எத்தனை மணங்கு எடையோ, அவன் மூட்டை அத்தனை வீசை இருக்கலாம், அதற்குமேல் ஒரு பலம்கூட ஜாஸ்தி ஆகக்கூடாது. மணங்குக்கு எட்டு வீசை என்பதால், உடம்பில் எட்டில் ஒரு பங்குக்குமேல் மனிதன் சுமக்கக்கூடாது என்று அர்த்தம். இதை அவர் வேதம் மாதிரி சொன்னார். எல்லோரும் வேதம் மாதிரி கேட்டுக்கொண்டார்கள்.

வெள்ளிக்கிழமை மண்டிக்கு விடுமுறை. அன்று எல்லோரும் மூட்டையைக் கட்டி எடுத்துக்கொண்டு மண்டிக்கு வரவேண்டும் என்று சித்தப்பா உத்தரவு போட்டார். சாமி காரியத்துக்குப் போகிற மூட்டை தோல் வைத்த தட்டில் படலாமா என்று பெரிய கணக்கர் கேட்டார். தராசுத் தட்டில் வாழை இலை விரித்தார்கள். முதலில் ஆள் ஏறி நிற்பார், பிறகு மூட்டை ஏறும். சித்தப்பா தானே முதலில் ஏறிக் காட்டினார். அவர் ஐந்து மணங்கு, அவர் மூட்டை மூன்று வீசைதான். வேட்டி ஒன்று, துண்டு ஒன்று, ஒரு கம்பளி. எல்லோரும் ஆச்சரியப்பட்டார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அத்தை தட்டில் ஏறமாட்டேன் என்றாள். "நான் இன்னா ஆட்டுத்தோலா?"

"சரி, நாலு மணங்குன்னு வெச்சிக்கலாம்" என்று சித்தப்பா கண்ணாலேயே எடை போட்டார். பிறகு அவள் மூட்டையைத் தட்டில் வைத்தார். எடைக்கல்லை வைத்துக்கொண்டே போனார். தட்டு அசைவதாக இல்லை. கடைசியில் ஒன்பது வீசை என்று தெரிந்தபோது மண்டியே சிரித்தது.

சித்தப்பா எல்லோர் முன்னாலும் அதைப் பிரித்தார். நெய்ச்செம்பு, சுக்கு, பொரி, சோறு பொங்க ஒரு குண்டான், எனக்கு மாற்றுத்துணி, மூன்று கம்பளி. மாற்றுத்துணியில் கிழிந்துபோன என் பழைய பாவாடை ஒன்றும் இருந்தது. அதை அவர் தூக்கி உதறியபோது நான் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். இந்த அத்தை ஏன் எல்லோரையும்போல இருக்கக்கூடாது என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

"இன்னாக்கா இது? நெய்ய அங்கயே வாங்கிக்கலாமே."

"தூக்கினு வர்றேன்னுதான் வேண்டிக்கினேன்."

"மூணு கம்பளி எதுக்கு? உனுக்கும் கொழந்தைக்கும் ஒண்ணு போதும். எனுக்கு ஒண்ணு நானே வெச்சிருக்கிறேன்."

"மழ வந்தா?"

"வானம் வெளுத்துக் கெடக்குது. நடுவழியில நீ உக்காந்துட்டா யாரு தூக்கறது? அவங்கவங்க மூட்ட அவங்கவங்க தலமேல. இதான் வழக்கம்."

"எம் மூட்ட எந்தலமேலதான வரப்போவுது. உனுக்கு இன்னா கஷ்டம்?" என்றாள் அத்தை. ஆனாலும் அவர் இரண்டு கம்பளியையும் குண்டானையும் எடுத்துத் தனியே வைத்துவிட்டார். அதைப் பார்த்து மற்றவர்களும் உற்சாகமாகத் தங்கள் மூட்டையிலிருந்து எடுத்து எடுத்துப் போட்டார்கள். குடைகள் போயின, போர்வைகள் போயின. பெரிய கணக்கரின் சம்சாரம், பருத்த உடம்புக்காரி, அவள்கூடத் தன் கம்பளியை எடுத்துவிட்டு மெல்லிசான ஒரு துப்பட்டியோடு நிறுத்திக்கொண்டாள். அத்தை கம்பளிகளை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வந்தாள். வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு மூட்டையை மறுபடி கட்டினாள். அது முன்னைவிடப் பெரிதாக இருந்தது. நான் சித்தப்பாவிடம் சொல்லவில்லை. சொன்னால் மறுபடி எல்லோர் முன்னாலும் பிரிப்பாரே என்ற பயம்.

மறுநாள் விடிவதற்குள் புறப்பட்டோம். கணியம்பாடி தாண்டும் வரையில் பாட்டும் பேச்சுமாகத்தான் போயிற்று. சித்தப்பா கையை வீசிக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் நடந்தார். நான் அவரோடு ஓடினேன். அத்தை எல்லோருக்கும் பின்னால், கழுத்து நரம்பு புடைக்க, மூட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு வந்தாள். திருப்பத்துக்குத் திருப்பம் அவளுக்காக நின்றோம். அவள் தலை தெரிந்ததும், "வருது பாரு, தோல் வண்டி" என்பார் சித்தப்பா. எல்லோரும் சிரிப்பார்கள். நான் புளியமரத்தைப் பார்ப்பேன், மைல்கல்லைப் பார்ப்பேன், அத்தையை மட்டும் பார்க்கமாட்டேன்.

கண்ணமங்கலத்துக்கு அப்பால் ஒரு மரத்தடியில் மோர் விற்றுக்கொண்டிருந்தாள் ஒருத்தி. நாங்கள் போய்ச் சுற்றி நின்றதும் முந்தானையை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"தோல் மண்டி ஆளுங்களா?"

"இல்லம்மா. அரிசி மண்டி" என்றார் பெரிய கணக்கர், நெற்றி நிறையத் திருநீறோடு. அவள் மூக்கிலிருந்து முந்தானையை எடுக்காமலே மோரை ஊற்றினாள். அதுவரை எங்கள்மேல் ஒரு வாடை இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாது. மரத்துக்குப் பின்னால் போய் என் பாவாடையை முகர்ந்து பார்த்தேன். கையை முகர்ந்து பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. தெரியாதது இன்னும் கேவலமாக இருந்தது. எங்கள் தெருவே அந்த வாடையில்தான் எழுந்து, தின்று, தூங்கிக்கொண்டிருந்தது. பிறந்த நாளிலிருந்து அதில் ஊறின மூக்குக்கு எதுவும் தனியாகத் தெரியாது என்பது எனக்கு அப்போது எப்படிப் புரியும்?

இரண்டாம் நாள் போளூரைத் தாண்டி வெட்டவெளியில் போகும்போது மழை பிடித்துக்கொண்டது. "தூறல்தான், நடங்க" என்றார் சித்தப்பா. தூறல் கொட்டலாயிற்று. ஒதுங்க ஒரு கூரை கிடையாது, யாரிடமும் குடை கிடையாது. மூட்டையில் இருந்த துணியும் கம்பளியும் தண்ணீரைக் குடிக்க ஆரம்பித்தன. நேரம் ஆக ஆக ஒவ்வொருவர் நடையும் தளர்ந்தது. மூன்று வீசை மூட்டையைத் தோளுக்குத் தோள் மாற்றிக்கொண்டு வந்த சித்தப்பா, ஒரு இடத்தில் நின்று அதைக் கீழே வைத்தார். பழக்க தோஷத்தால் கட்டைவிரலை அதன்மேல் வைத்து அழுத்தினார். விரலைச் சுற்றித் தண்ணீர் குபுகுபுவென்று மேலே வந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். தோலில் இருக்கிற தண்ணீரைக் கழித்தே பேர் வாங்கினவருக்கு, கார்த்திகை மாசத்து மூட்டையில் ஏறப்போகிற தண்ணீரைக் கூட்டத் தோன்றவில்லை. யாரும் அவரை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்பதுபோல் இருந்தது அவர் முகம்.

ஒருவழியாகச் சாலையோரத்தில் ஒரு பாழடைந்த மண்டபம் கிடைத்தது. பாதிக் கூரை நன்றாக இருந்தது, பாதி இடிந்து ஒழுகியது. நல்ல பாதியில் எல்லோரும் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தோம். நனைந்த துணியைப் பிழிந்து பிழிந்து போர்த்தினார்கள். கணக்கரின் சம்சாரத்துக்குப் பல் கிட்டிக்கொண்டு வந்தது. எனக்கு நெஞ்சு இழுக்கத் தொடங்கிவிட்டது. விசில் அடிக்கிற மாதிரி சத்தம் வந்தது. சித்தப்பா என் முதுகைத் தேய்த்துவிட்டுக்கொண்டே, "அக்கா எங்க, அக்கா எங்க" என்று வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

அத்தை கடைசியாக வந்து சேர்ந்தாள். புடவை உடம்போடு ஒட்டிக்கொண்டு, தலை நனைந்து, நிற்கவே முடியாமல் நின்றாள். என் நெஞ்சுச் சத்தம் காதில் விழுந்ததும் மூட்டையை இறக்கி, அங்கேயே, எல்லோர் முன்னாலும் முடிச்சை அவிழ்த்தாள். மேலே சுற்றியிருந்த பழம்புடவை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. அதை விலக்கினால் உள்ளே ஒரு மாட்டுத்தோல். புங்கெண்ணெய் ஏற்றிப் பதனிட்டது, பழுப்பாக, முழுசாக. அதையும் விரித்தாள். உள்ளே மூன்று கம்பளிகளும் நெய்ச்செம்பும் காய்ந்து கிடந்தன. ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்கவில்லை.

எனக்கு அந்தத் தோலைத் தெரியும். மண்டியில் கழித்துப் போட்டது என்று சித்தப்பா கொண்டுவந்து, எங்கள் வீட்டு விறகு நனையாமல் மூடிவைத்திருந்தது. இரண்டு நாளாக அது எங்களோடு நடந்து வந்திருக்கிறது, ஒரு மூக்குக்கும் தெரியவில்லை.

"இன்னாமா அது?" என்றார் பெரிய கணக்கர். அது என்ன என்று அவருக்குத் தெரியாதா, முப்பது வருஷமாகத் தோலுக்குத்தானே கணக்கு எழுதுகிறார்.

"தோலு" என்றாள் அத்தை.

"நாங்கல்லாம் சாமிக்குப் போறோம்மா."

"நானும் அங்கதான் போறேன்."

"மாட்டுத்தோலத் தலையில வெச்சினு வந்தா வெரதம் இன்னா ஆவறது? உனுக்குத் தெரியுமாய்யா இது?" என்று சித்தப்பாவைப் பார்த்துக் கேட்டார்.

"சத்தியமா எனுக்குத் தெரியாதுங்க" என்றார் சித்தப்பா. அத்தை அவரை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு கம்பளி ஒன்றை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். பெரிய கணக்கர் கையை நீட்டித் தடுத்தார். அவர் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார். பக்கத்தில் நடுங்கிக்கொண்டிருந்த சம்சாரத்தையும் பார்த்தார் போலிருக்கிறது. கடைசியில் தீர்ப்புச் சொன்னார்.

"கம்பளிக்குத் தீட்டு இல்ல. அது சாஸ்திரம். கம்பளிய அப்பிடியே கீழ வெச்சிட்டு நீ அந்தாண்ட போயி இருந்துக்க. கொழந்த எங்ககூட இருக்கட்டும். இனிமே நீ கூட்டத்துல சேராத, பின்னால தனியா வா. அந்த நெய்யி தீபத்துக்கு ஆவாது."

நெய் என்றதும் அத்தை செம்பை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். "நெய்யில தீட்டு இருந்தா நெருப்பு பாத்துக்கும்" என்றாள். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. தோலையும் பழம்புடவையையும் வாரிக்கொண்டு இடிந்த பக்கம் போய்விட்டாள்.

எனக்கு ஒரு கம்பளி போர்த்தினார்கள். கணக்கரின் சம்சாரம் ஒன்றைப் போர்த்திக்கொண்டாள். மூன்றாவது கம்பளி கொஞ்ச நேரம் அங்கேயே கிடந்தது. பிறகு சித்தப்பா அதை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். யாரோ வைத்திருந்த சுக்கைத் தட்டிப் போட்டு, எப்படியோ அடுப்பு மூட்டி ஒரு சொம்பில் காய்ச்சிக் கொடுத்தார்கள். கம்பளிச் சூட்டில் என் நெஞ்சு மெல்ல மெல்ல அடங்கியது. அத்தை எட்டத்தில், ஒழுகாத ஒரு முழ இடத்தில், சுவரோடு ஒட்டிக்கொண்டு, அந்தத் தோலையே தலையோடு போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"பாத்தியா, இவ்ளோ சொல்லியும் இன்னும் அதத்தான் போத்தினு இருக்கறா" என்றாள் கணக்கரின் சம்சாரம், அத்தையின் கம்பளியைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டு.

எனக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. அதைத் தூக்கி எறிந்துவிட்டு வந்து மன்னிப்புக் கேட்டால் என்ன, இத்தனை பேர் பார்க்கும்போது எதற்கு இந்தப் பிடிவாதம் என்று நினைத்தேன். மோர்க்காரி மூக்கைப் பொத்தினது அத்தையால்தான் என்றும் முடிவு கட்டிவிட்டேன். எங்களில் மற்ற யாருக்கும் வாடை கிடையாது. அப்படி நினைத்ததும் நிம்மதியாக இருந்தது.

மறுநாள் மழை விட்டிருந்தது. அத்தை தனியாகப் பின்னால் வந்தாள். யாரும் திருப்பத்தில் நிற்கவில்லை. திருவண்ணாமலையில் அவள் குளத்தில் முழுகிவிட்டு, ஈரப்புடவையோடு நெய்யைக் கொண்டுபோய்க் கொடுத்தாளாம். வாங்கினவர் எந்த ஊர் என்று மட்டும் கேட்டாராம். தீபம் ஏற்றியபோது நான் கூட்டத்தோடு நின்று கும்பிட்டேன். நான் பிழைத்ததற்காக ஏற்றின தீபம் அது. வேண்டிக்கொண்டவள் எங்கே நின்று பார்த்தாள் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.

ஊர் திரும்புவதற்கு ரயில். ரயிலடியில் சாமான் எடை போடுகிற இயந்திரம் ஒன்று இருந்தது. அதைப் பார்த்ததும், இரண்டு நாளாகச் செத்துக் கிடந்த சித்தப்பாவுக்கு உயிர் வந்துவிட்டது. போர்ட்டரிடம் கெஞ்சி அனுமதி வாங்கி, எல்லோர் மூட்டையையும் ஒவ்வொன்றாக ஏற்றிப் பார்த்தார். ஈரம் காயாத மூட்டைகள் எதுவும் அவர் கணக்குக்குள் வரவில்லை. கடைசியாக அத்தையைக் கூப்பிட்டார். அவள் இருமிக்கொண்டே வந்து மூட்டையைத் தானே வைத்துவிட்டு எட்ட நின்றாள். அவர் இயந்திரம் காட்டிய ராத்தலை வீசையாக்கி உதட்டுக்குள் கணக்குப் போட்டார்.

"மூணர வீச. அக்கா மூட்ட இப்பதான் கணக்குக்கு வந்துக்குது" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். பெரிய கணக்கர்கூடச் சிரித்தார். அத்தையும் லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. கணக்கரின் சம்சாரம் கம்பளியை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சியில் உட்கார்ந்திருந்தாள், ஊருக்குப் போய்த் துவைத்துக் கொடுப்பதாகச் சொல்லியிருந்தாள். இன்னொன்று சித்தப்பாவின் தோளில் கிடந்தது. நான் என் கம்பளியை நன்றாக இழுத்துப் போர்த்திக்கொண்டேன். ஒருவழியாக அத்தை திருந்திவிட்டாள், இனி யாரும் எங்களைப் பார்த்துச் சிரிக்கமாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு, சித்தப்பாவின் பக்கத்தில் போய் நின்றேன்.